அடுத்த அழைப்பு வரும்வரை ஒரு நடிகை என்ன செய்வது?

கேள்வி: நான் சேலம் அம்மாபேட்டையைச் சேர்ந்தவள். வயது 28. கல்லூரி நாடகத்தில் தொடங்கி, ஒரு தொலைக்காட்சித் தொடரில் நாயகியின் அண்ணியாகவும் இரண்டு திரைப்படங்களில் சிறிய வேடங்களிலும் நடித்திருக்கிறேன். கடைசிப் படப்பிடிப்பு ஐப்பசியில் முடிந்தது. அதன் பிறகு அழைப்பே இல்லை. வீட்டில் பட்டுத்தறி இருக்கிறது. அம்மாவுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறேன். மீதி நேரமெல்லாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போகிறது. ஒரு தனியார் பள்ளியில் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லித்தர அழைக்கிறார்கள். போனால் 'நடிப்பை விட்டுவிட்டாள்' என்று பேசுவார்களோ என்று தயக்கம். அம்மாவோ, 'ஒன்று சென்னைக்குப் போ, இல்லையென்றால் கல்யாணம் செய்துகொள்' என்கிறார். என் உண்மையான பயம் வேறு. நடிப்பே மறந்துபோகிறதோ என்று தோன்றுகிறது. சென்ற வாரம் ஓர் ஆடிஷனுக்காக வசனம் பேசிப் பதிவு செய்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இந்த மாதங்களை நான் எப்படிப் பயன்படுத்துவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அதுதான் வேர்.

முதலில் குரல். பதிவில் நம் குரல் நமக்கே அந்நியமாகக் கேட்பது எல்லோருக்கும் நேர்வது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. எலும்பு அதன் அடித்தொனியைக் கூட்டிக் கொடுக்கிறது. பதிவில் அந்தப் பகுதி இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டு வந்தது அந்தக் குரலைத்தான். ஆகவே பாதிப் பயத்தை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

மீதிப் பாதிக்குக் காரணம் இருக்கிறது. நடிப்பு மறந்துபோவதில்லை, ஆனால் தளர்ந்துபோகிறது. மாதக்கணக்கில் வாய்விட்டு வசனம் பேசாவிட்டால் சொல்லின் கடைசி எழுத்துகள் விழுங்கப்படும். மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்டு அந்தக் கணத்தில் பதில் சொல்லும் பழக்கம் மங்கும். இவை எல்லாமே திரும்பி வரக்கூடியவை. ஆனால் 'பயிற்சி செய்கிறேன்' என்று பொதுவாக உட்கார்ந்தால் திரும்பி வருவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று முகபாவம் செய்து பார்ப்பது, பிடித்த நடிகையின் காட்சியைப் போட்டுப் பார்த்து அதே மாதிரிச் செய்வது போன்றவை ஒரு வாரத்தில் சலித்துவிடும். சலிப்பு வந்தால் மறுபடியும் கை கைபேசிக்குத்தான் போகும்.

நான் எல்லா நடிகர்களுக்கும் சொல்வது ஒன்றே ஒன்று. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் எப்போதும் ஒரு வேடம் இருக்க வேண்டும். யாரும் கேட்காத, நீங்களே தேர்ந்தெடுத்த, நீங்களே கட்டிக்கொண்டிருக்கிற ஒரு வேடம். அது முடிந்ததும் யாராவது நான்கு பேருக்கு நடித்துக் காட்ட வேண்டும். பிறகு அடுத்தது. வேலையில்லாத காலம் என்று ஒன்று இல்லாமல் போவது அப்படித்தான்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938-ல் அங்கிருந்துதான் வந்தது. அங்கே நடிகர்களும் எழுத்தாளர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். ஒரு படம் முடிந்தால் அடுத்த படத்துக்கு அதே வளாகத்துக்குள் நடந்து போனார்கள். அந்த ஏற்பாடு மறைந்துபோன பிறகு ஒவ்வொரு படமும் ஒவ்வொரு தனி வேலையாகிவிட்டது. இன்று எல்லா நடிகர்களுக்கும் இடைவெளி இருக்கிறது. அதை உங்களுடைய குறையாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

மாதச் சம்பளம் எந்தக் காலத்திலும் இல்லாத கலைஞர்களும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். மேட்டூர், மேச்சேரி, எடப்பாடிப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களைச் சொல்கிறேன். கோயில் திருவிழாக் காலம் முடிந்தால் தோட்ட வேலைக்கோ தறிக்கோ போவார்கள். மறுபடியும் பருவம் தொடங்கும்போது, பாரதக் கதையில் எந்தப் பகுதியை ஊரார் கேட்டாலும் அன்றிரவே ஆட அவர்களால் முடியும். துரியோதனனாக வர வேண்டியவர் வராவிட்டால் இன்னொருவர் அந்த வேடத்தைக் கட்டிக்கொள்வார். பாட்டும் அடவும் வசனமும் உடம்பில் தயாராக இருக்கும். ஒவ்வொருவரிடமும் பல வேடங்கள் கையிருப்பில் இருக்கின்றன. திரை நடிகர்களிடம் இல்லாத செல்வம் இது. நமக்கு ஒரு வேடம் என்பது யாரோ எழுதிக் கொடுத்து, படப்பிடிப்பு முடிந்ததும் கைவிட்டுப் போய்விடுகிற ஒன்றாகிவிட்டது. மேட்டூர்ப் பக்கத்து ஏர்வாடியிலிருந்து வரும் மணல்வீடு இதழும் களரி அமைப்பும் இந்தக் கலைஞர்களுக்காகத் தொடர்ந்து உழைத்து வருகின்றன. அவர்கள் நடத்தும் கூத்து இரவுகளுக்குப் போங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்காமல், அனுமதி கேட்டு வேடம் கட்டும் இடத்திலும் சிறிது நேரம் இருங்கள். கையடக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசும் ஒருவர், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார், எப்போது அவருடைய உட்காரும் விதம் மாறுகிறது என்று கவனியுங்கள்.

சரி, எந்த வேடத்தை எடுப்பது? எல்லோரும் கண்ணகியை எடுப்பார்கள். நீங்கள் மாதரியை எடுங்கள் என்பேன். மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த இடையர் குலத்து மூதாட்டி. சமணத் துறவி கவுந்தியடிகள் நம்பி ஒப்படைத்த பெண்ணைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பெண்ணின் கணவன் கொலையுண்டான் என்று தெரிகிறது. பிற்பாடு, அடைக்கலம் வந்தவர்களைக் காக்கத் தவறினேன் என்று அவள் தீப்புகுந்த செய்தியை மாடலன் என்னும் மறையோன் வந்து சொல்கிறான். சிலப்பதிகாரத்தில் அவளுக்கு இருக்கும் இடம் சிறியது. உங்களுக்கு வரப்போகும் வேடங்களும் பெரும்பாலும் சிறியவையாகத்தான் இருக்கும். நாயகியின் அண்ணி, பக்கத்து வீட்டுப் பெண், மருத்துவமனை வராந்தாவில் அழும் தாய். சிறிய வேடத்துக்குள் ஒரு முழு மனுஷியைக் கொண்டுவருவது தனித் திறமை. அதைப் பழக இவளைப் போன்றவள் கிடைப்பது அரிது. உங்களுக்கு 28 வயதுதானே என்று தயங்காதீர்கள். மூப்பை உடம்பில் கொண்டுவருவதும் ஒரு பயிற்சி.

மாதரி அழ வேண்டும். எப்படி அழுவாள்? இங்கேதான் நம் கையில் ஒரு பெரிய கருவி இருக்கிறது. நடிகர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இது பள்ளிக்கூடத்தில் படித்ததாக நினைவிருக்கும். அதோடு நிற்காமல் ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் அது சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை ஒன்று. இழந்ததால் வருவது ஒன்று. இருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோனதால் வருவது ஒன்று. இல்லாமையால் வருவது ஒன்று.

நான்கையும் உடம்பில் வைத்துப் பாருங்கள். இகழப்பட்டு அழுகிறவள் யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் பார்ப்பாள். தொண்டை இறுகும், முகம் சுவர்ப் பக்கம் திரும்பும். இழந்தவளுக்கு யார் பார்த்தால் என்ன? அவளுடைய கைகள் எதையோ தேடும், குரல் உடைந்து வெளியே வரும். நிலை தாழ்ந்தவளின் அழுகை மெதுவானது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பழைய நாட்களில் நின்று, பெருமூச்சாக முடியும். இல்லாமையால் அழுகிறவள் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே அழுவாள். அடுப்பும் குழந்தையும் காத்திருக்கும்போது உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமில்லை. இது நான் பார்த்த முறை; உங்களுக்கு வேறு விதமாகத் தோன்றலாம், தோன்ற வேண்டும்.

இப்போது பயிற்சி. "சோறு ஆறிப்போகிறது, வந்து சாப்பிடுங்கள்." இந்த ஒரே வசனத்தை நான்கு அழுகையோடும் சொல்லுங்கள். கண்ணீர் வர வேண்டிய தேவையில்லை. ஒலியை மட்டும் கைபேசியில் பதிவு செய்து, வரிசையை மாற்றி அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, எது எந்த அழுகை என்று கேளுங்கள். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அம்மா சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் குரல் வேலை செய்கிறது. அவர் குழம்பினால் அந்த இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது. இதைவிட நேர்மையான ஆசிரியர் உங்களுக்குச் சென்னையிலும் கிடைக்க மாட்டார். பிறகு மாதரிக்குத் திரும்புங்கள். அவளுடையது இழவா? கண்ணகி அவள் பெற்ற மகள் இல்லை. நம்பி ஒப்படைத்தவர் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்ற இளிவும் அதில் கலந்திருக்கிறதா? எந்த வசனத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடவே ஒரு மாதம் போய்விடும். அந்த மாதத்தில் உங்களுக்குச் சலிப்பு வராது.

அழுகை முடிந்தால் வெகுளிக்குப் போங்கள். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று அதற்கும் நான்கு. உடம்புக்கு நேர்ந்த தீங்கு, குடும்பத்துக்கு நேர்ந்த கேடு, வைதும் அடித்தும் வருத்துதல், கொலை. தொடரில் அண்ணி வேடத்தில் உங்களிடம் ஒரே வகைக் கோபத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள். மற்ற வகைகளை யாரும் கேட்காததால் அவை இல்லாமல் போய்விடுவதில்லை.

அடுத்து, கை. சேலத்து நடிகைக்கு இதைக் கற்றுக்கொள்ள எங்கும் போக வேண்டியதில்லை. மாலையில் தட்டுவடை செட் போடும் ஒரு கடையின் முன்னால் நின்று பாருங்கள். ஒரு தட்டுவடையை எடுத்து வைக்கும்போது விரல் எவ்வளவு மென்மையாகப் பிடிக்கிறது? அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடும். ஒரு கரண்டி பச்சைச் சட்னி, ஒரு கரண்டி சிவப்புச் சட்னி. துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் ஒரு சிட்டிகையாக விழுகின்றன. மேலே இன்னொரு தட்டுவடை, கட்டைவிரலால் ஒரு மெல்லிய அழுத்தம். கண் இதில் எதையும் பார்ப்பதில்லை. அது அடுத்து நிற்கும் ஆளிடம் கணக்குப் பேசுகிறது. வீட்டுக்கு வந்து, எந்தப் பொருளும் இல்லாமல் இதைச் செய்து பாருங்கள். தட்டுவடையின் கனம் கையில் இருக்க வேண்டும். சட்னி சொட்டினால் விரலைத் துடைக்க வேண்டும். கூடவே வாயால் வேறொரு பேச்சு பேச வேண்டும். மாஸ்கோவில் 1898-ல் நாடக அரங்கு தொடங்கிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தம் மாணவர்களுக்குக் கொடுத்த அடிப்படைப் பயிற்சிகளில் பொருளில்லாமல் செய்யும் இந்தப் பயிற்சியும் ஒன்று. கேமரா முன்னால் இதன் பயன் உடனே தெரியும். காய் நறுக்கிக்கொண்டே பேசும் காட்சியில் பலருக்குக் கை நின்றுவிடும், அல்லது வசனம் நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து ஓடுகிறவரை இயக்குநர் நினைவில் வைத்துக்கொள்வார்.

உங்கள் வீட்டுத் தறியும் அப்படித்தான். தார் சுற்றுவதோடு நிற்காமல் அம்மாவிடம் நெய்யவும் கற்றுக்கொள்ளுங்கள். மிதிக்கும் கால், நாடா ஓட்டும் கை, அறுந்த இழையைத் தேடும் கண் மூன்றும் தனித்தனியாக வேலை செய்தாக வேண்டும். உடம்புக்கு இதைவிட நல்ல ஒருங்கிணைப்புப் பயிற்சியை நான் யாருக்கும் சொல்லித்தர முடியாது. மார்கழியில் ஏற்காட்டுக்குப் போய்வர முடிந்தால் காப்பிப் பழம் பறிப்பவர்களைப் பாருங்கள். எஸ்டேட்டில் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், படம் எடுக்காதீர்கள். ஒரு கை கிளையை வளைக்க, மறு கை பழுத்ததை மட்டும் பறிக்கும், பேச்சு நிற்காது, மாலையில் எடை போடும் இடத்தில் எல்லோருடைய நிற்கும் விதமும் மாறிவிடும். ஒரு பெண்ணின் நடையை மட்டும் நினைவில் கொண்டுவந்தால் போதும்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாபேட்டையில் வளர்ந்தவர் நீங்கள். தெருவில் தமிழோடு சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். தென்னிந்தியப் படங்கள் இன்று மொழி தாண்டி நடிகர்களைத் தேடுகின்றன. தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒரு பக்க வசனத்தைச் சொந்த மொழிபோலப் பேசக் கற்றுக்கொண்டால் உங்கள் கதவுகள் இரட்டிப்பாகும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடமே கற்கலாம். தினமும் அரை மணி நேரம் அவரோடு அந்த மொழியில் மட்டும் பேசுங்கள்.

குரலுக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். காலையில் செய்தித்தாளின் தலையங்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், முன்கூட்டிப் பார்க்காமல். ஆடிஷனில் கையில் தாளைக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் பேசச் சொல்வார்கள். அதற்கு இதுவே பயிற்சி. ல, ள, ழ வேறுபாடும் சொல்லின் கடைசி எழுத்தும் தெளிவாகக் கேட்க வேண்டும். படிப்பதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு சிறிது நேரம் மெல்ல முனகி, குரலை எழுப்புங்கள். தொண்டை கட்டியிருக்கும் நாளில் கிசுகிசுத்துப் பேசாதீர்கள். அது இன்னும் கெடுக்கும். தாளக்கட்டு வேண்டுமென்றால் சேலத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, விசாரியுங்கள். வானொலி நிலையங்கள் நாடகக் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைப்பதுண்டு. அந்த அறிவிப்புகளையும் கவனியுங்கள். முகமே இல்லாமல் குரலால் மட்டும் நடிக்கப் பழகியவருக்கு டப்பிங்கிலும் வேலை கிடைக்கும்.

பள்ளிக்கூட வேலை. ஒப்புக்கொள்ளுங்கள். 'நடிப்பை விட்டுவிட்டாள்' என்று பேசுகிறவர்கள் உங்கள் வீட்டு மளிகைக் கணக்கைக் கட்டப் போவதில்லை. வங்க நாடகத்தையே மாற்றிப் போட்ட பாதல் சர்க்கார் நகரமைப்புப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார், நடித்தார். அதனால் அவர் குறைந்த நாடகக்காரராகிவிடவில்லை. ஆனால் பள்ளியிடம் நிபந்தனையைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். வாரம் முழுவதும் வேண்டாம். குறிப்பிட்ட பிற்பகல்கள் மட்டும். ஆடிஷன் வந்தால் முந்தின நாள் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். தை, மாசியில் ஆண்டு விழாக்கள் வரும்; அப்போது கூடுதல் நாட்கள் தருகிறேன் என்று நீங்களே சொன்னால் அவர்களுக்கும் மகிழ்ச்சி. வகுப்பில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: குழந்தைக்கு நீங்கள் நடித்துக் காட்டி, அதே மாதிரிச் செய்யச் சொல்லாதீர்கள். "இந்தப் பாட்டிக்கு என்ன வேண்டும்? கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வாள்?" என்று கேளுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி ஒரு காட்சியை விளக்கப் பழகினால், உங்கள் சொந்தக் காட்சியும் உங்களுக்குத் தெளிவாகும். சொல்லிக்கொடுத்த காலத்தில்தான் பல நடிகர்கள் வேகமாக வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விழிப்புணர்வுத் தெருநாடகக் குழுக்களோடும் சேருங்கள். பேருந்து நிலையத்தில், இரைச்சலுக்கு நடுவே, நிற்க விருப்பமில்லாத மக்களை நிறுத்தி வைக்கும் பயிற்சியை எந்த ஸ்டூடியோவும் தராது. ஆடி வருகிறது. குகையில் வண்டி வேடிக்கை நடக்கும். தெய்வ வேடமிட்டு அலங்கார வண்டிகளில் மணிக்கணக்கில் நிற்கும் சாதாரண மக்களைப் பாருங்கள். முடிந்தால் அவர்களுக்கு ஒப்பனை செய்யும் கலைஞர் ஒருவரிடம் உதவியாளராக நின்று கற்றுக்கொள்ளுங்கள். தன் முகத்துக்குத் தானே ஒப்பனை செய்யத் தெரிந்த நடிகையைச் சிறிய படக்குழுக்கள் பெரிதும் விரும்புகின்றன.

ஆடிஷனுக்காக நீங்கள் செய்த பதிவைப் பற்றி. முதல் சுற்று ஆடிஷன் பெரும்பாலும் வீட்டிலிருந்து அனுப்பும் வீடியோவாகிவிட்டது. இது வெளியூர் நடிகர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. கைபேசியைக் கிடைமட்டமாக, கண் மட்டத்தில் நிறுத்துங்கள். வேறு விதமாகக் கேட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். சன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பின்னால் வெறும் சுவர். மார்பளவுச் சட்டகம். மின்விசிறியை நிறுத்துங்கள், பக்கத்துத் தறிகளும் ஓயும் நேரம் பாருங்கள். எதிர் வசனம் பேசுபவர் கேமராவை ஒட்டி நின்று, உங்களைவிடத் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். உங்கள் பார்வை அவர்மேல் இருக்க வேண்டும், லென்ஸின் மேல் வேண்டாம். பல பேருடைய பதிவு கெடுவது நடிப்பால் இல்லை. அண்ணனோ தம்பியோ செய்தி வாசிப்பதுபோல எதிர் வசனம் படிப்பதால்தான். உங்களைப் போலவே காத்திருக்கும் இன்னொரு நடிகரைச் சேலத்திலேயே தேடிப் பிடியுங்கள். அவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். இரண்டு டேக்குக்கு மேல் அனுப்ப வேண்டாம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. நடித்த படங்களின் சம்பளத்தில் வரி பிடித்திருப்பார்கள். உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்பப் பெறலாம். நிறைய இளம் நடிகர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆடிஷனுக்கு, பதிவுக் கட்டணத்துக்கு, 'போர்ட்ஃபோலியோ' எடுப்பதற்கு என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வேலை கொடுப்பவர் பணம் தருவார், வாங்க மாட்டார். ஆடிஷன் என்று தங்கும் விடுதி அறைக்கு அழைத்தால் போகாதீர்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் படக்குழு, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்காக 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு அமைக்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போது அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

சென்னைக்கு இப்போது குடிபெயர வேண்டாம். காத்திருப்பதற்காக மட்டும் ஒரு ஊருக்குப் போனால் வாடகைக்காக என்ன வேலையையும் ஒப்புக்கொள்ள நேரும். வேடம் கட்ட நேரமே இருக்காது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்னை. நேரில் வரச் சொன்னால் போய்விட்டு மறுநாள் திரும்பிவிடலாம். கையில் தொடர்ந்து சில மாதங்களுக்கு வேலை உறுதியானால் அப்போது போங்கள். படிப்பதற்காகப் போவதும் நல்ல காரணம்தான். 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை சென்னையில் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. ஆரோவில் அருகே ஆதிசக்தி, மூச்சையும் உடம்பையும் அடிப்படையாகக் கொண்ட பட்டறைகளை நடத்துகிறது. உங்களிடம் இப்போது தளர்ந்திருப்பது மூச்சு என்பதால், பள்ளிச் சம்பளத்தில் சேர்த்து வைத்து முதலில் ஆதிசக்திக்குப் போவதையே சிபாரிசு செய்வேன்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். கல்யாணத்தைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. அது உங்கள் விருப்பம். ஆனால் அவர் கேட்பதற்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? அதற்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்று வேண்டும். "ஆடிப் பதினெட்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாதரியை நடித்துக் காட்டுகிறேன், தெருவில் நாலு பேரைக் கூப்பிடு" என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தத் தேதி உங்களையும் ஒழுங்காக வேலை செய்ய வைக்கும்.

நடித்துக் காட்டிய பிறகு, அதிலிருந்து ஒரு நிமிடத்தை மட்டும் நன்றாகப் பதிவு செய்யுங்கள். உங்களோடு வேலை செய்த உதவி இயக்குநர்கள், காஸ்டிங் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அதை அனுப்புங்கள். 'வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுத வேண்டாம். அதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். பெயர், உயரம், பேசத் தெரிந்த மொழிகள், எந்தத் தேதிகளில் வர முடியும், இதோ புதிதாகச் செய்த ஒரு நிமிடம். அவ்வளவு போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு வேடத்தோடு அனுப்புங்கள்.